தன்னவரைப் பகைவரென்று மயங்கும் அணு

(சங்கத்தின் சுகாதாரக் கூட்டத்தில் ஒரு வைத்தியர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்குச் சற்றுப் புதியது. நமது கூட்டங்களிற் சுகாதாரத்தைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் பற்றியே பேசிச் செல்கின்றனர். அவை பேசத் தக்கனவே. ஆயினும், இளம் பிராயத்துப் பெண்மக்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக வாட்டுகின்ற வேறொரு பிணிக்கூட்டம் உண்டு. லூபஸ் என்னும் நோய், சரவாங்கி என்று நம்மவர் வழங்கும் மூட்டுவாதம், தைராய்டுக் கோளத்தின் கோளாறுகள், தசைகள் மாலைக்குள் சோர்ந்து விழும் மயஸ்தீனியா முதலியன அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. லூபஸ் நோயாளர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்களே. முகத்தில் படரும் செம்மை, ஓயாத காய்ச்சல், தலைமயிர் உதிர்தல், கால் வீக்கம் என்று இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, காரணம் அறியாத வீட்டார் கிரக தோஷமென்பர், செய்வினையென்பர், வேலைக்கு அஞ்சிய பெண்ணின் பாசாங்கென்றும் சிலர் கூசாது கூறுவர். மணப்பேச்சு வந்துவிட்டாலோ நோயை மறைப்பதே முதற் காரியமாய்விடுகிறது. ஆகவே காரணம் இன்னதென்று தெளிவாக அறிந்துகொள்வது நமக்கு வெறும் அறிவுப் பொழுதுபோக்கன்று.

இந்நோய்கள் யாவற்றிற்கும் பொதுவாகிய இயல்பு ஒன்றுண்டு. புறத்தேயிருந்து வரும் கிருமிகளை எதிர்க்கவேண்டிய தேகத்தின் காவற்படை, தன் தேகத்தின் உறுப்புகளையே பகையென்று கருதித் தாக்குகின்றது. இவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று கூறலாம். அப்படையில் ‘பி அணு’ என்று பெயர் பெற்ற ஒருவகை வெள்ளணு இத்தவற்றில் எவ்வளவு பங்குகொள்கிறது என்பதே இன்றைய விஷயம்.

முதலில் எதிர்ப்பொருள் என்பது யாதென அறிதல் வேண்டும். 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரிலே பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிடசாட்டோ என்னும் ஜப்பானியரும், இசிவு நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுப் பழகிய பிராணியின் இரத்தநீரை வேறொரு பிராணிக்கு ஏற்றினால் அந்நஞ்சு அதனைக் கொல்வதில்லை எனக் கண்டனர். அந்நீரில் நஞ்சைப் பற்றி முறிக்கின்ற ஏதோ ஒரு பொருள் உளது. அதுவே எதிர்ப்பொருள்.

உடனே ஓர் ஐயம் எழும். பிறபொருளைப் பற்றும் இக்கருவி தன் பொருளைப் பற்றாதிருப்பது எங்ஙனம்? 1900-ஆம் ஆண்டையொட்டிப் பால் எர்லிக் என்னும் பேரறிஞர் வெள்ளாடுகளைக்கொண்டு இதனைச் சோதித்தார். ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டிற்கு ஏற்றியபோது, ஏற்றுக்கொண்ட ஆடு அயலாட்டின் செவ்வணுக்களைக் கரைக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிற்று. தன் செவ்வணுக்களைக் கரைக்கும் பொருளை மட்டும் அது உண்டாக்கவேயில்லை. தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ளத் தேகம் அஞ்சுகின்றது என்னும் கருத்துப்பட அவர் இதற்கோர் இலத்தீன் பெயரிட்டார். அச்சம் உளதென்றாரேயன்றி அக்கேடு ஒருகாலும் நிகழாதென்று அவர் முடிவுகட்டவில்லை. பின்வந்தோர் அங்ஙனமே கொண்டனர். 1904-இல் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர், குளிர்பட்டவுடன் சிறுநீர் கறுஞ்சிவப்பாய்ப் போகும் ஒரு நோயில், நோயாளியின் எதிர்ப்பொருளே அவனுடைய செவ்வணுக்களைப் பற்றி அழிக்கின்றதென மெய்ப்பித்தனர். சான்று கையில் வந்தும், பெரும்பாலோர் அரை நூற்றாண்டு அதனைப் பொருட்படுத்தவில்லை. பெரியோர் சொன்னாரென்று, சொல்லாததையும் சேர்த்து நம்பும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்!

எதிர்ப்பொருளை ஆக்குவது எவ்வணு? சுவீடன் நாட்டு மாதரசி ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் என்பார் 1948-இல், பிளாஸ்மா அணுக்களே அதனைச் சுரக்கின்றன எனக் காட்டினார். அவ்வணுக்கள் எவற்றிலிருந்து தோன்றுகின்றன என்னும் வினாவிற்கு விடை கிடைத்த விதம் மிக விநோதமானது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

பறவைகளின் மலவாயிலருகே ஒரு சிறு பை உண்டு. இத்தாலிய அங்கசாஸ்திரி ஃபாப்ரீசியஸ் அதனை விவரித்தெழுதிய நூல் 1621-இல் வெளிவந்தது. அதனால் அது ஃபாப்ரீசியஸின் பை, அதாவது ‘பர்ஸா’, என்று வழங்கலாயிற்று. அதன் தொழில் யாதென்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் கோழிவளர்ப்புத் துறை மாணவராயிருந்த புரூஸ் கிளிக் என்பவர் தம் ஆசிரியரிடம் அப்பையின் பயன் யாதென வினவினார். நல்ல வினா, விடையை நீயே கண்டுபிடி என்றார் ஆசிரியர். கிளிக் குஞ்சுகளுக்கு அப்பையை அறுத்தெடுத்துப் பார்த்தார்; வளர்ச்சியில் யாதொரு குறையும் காணவில்லை. சில காலத்தின் பின் உடன்மாணவராகிய டிமதி சாங் என்பவர், எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பிற்குக் காட்டும்பொருட்டுச் சில கோழிகள் வேண்டி, கிளிக்கின் கோழிகளை வாங்கிக் கிருமிச் சத்தை ஏற்றினார். அவற்றுட் பல கோழிகளில் எதிர்ப்பொருள் துளியும் தோன்றவில்லை. விசாரித்தபோது அவை பை அறுக்கப்பட்டவை எனத் தெரியவந்தது. கோழிகளை ஓசி வாங்கியதால் விளைந்த இக்கண்டுபிடிப்பைப் புகழ்பெற்ற பத்திரிகையொன்று ஏற்க மறுத்தது. முடிவில் 1956-இல் கோழி வளர்ப்போருக்குரிய ஒரு பத்திரிகையில் அது வெளிவந்தது. நோயெதிர்ப்பு நூலோர் அதனைப் பன்னாள் அறிந்திலர். 1965-இல் மாக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் என்போர், பையில் முதிரும் அணுக்கள் வேறு, நெஞ்சினுள் இருக்கும் தைமஸ் கோளத்தில் முதிரும் அணுக்கள் வேறு என வகுத்தனர். பர்ஸாவின் ஆங்கில முதலெழுத்தால் முன்னது பி அணு; தைமஸின் முதலெழுத்தால் பின்னது டி அணு. மனிதனுக்கு அப்பை இல்லை. எலும்பின் மஜ்ஜையே நமக்கு அத்தொழிலைச் செய்கின்றது.

இனி, பி அணு தவறுவது ஏன்? உலகில் எத்தனை கோடிக் கிருமிகள் உண்டோ, இனித் தோன்றுமோ, அவையனைத்திற்கும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அதற்காக மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொரு பி அணுவும், பாரம்பரியக் குறிப்பின் துண்டுகள் சிலவற்றைத் தற்செயலாய் இணைத்துத் தனக்கென ஒரு பற்றுங் கருவியை அமைத்துக்கொள்கின்றது. இதனைக் கண்டறிந்து 1976-இல் வெளியிட்ட டோனெகாவா என்பார்க்கு 1987-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. தற்செயலாய்ப் பிறக்கும் கருவி எதனைப் பற்றும் என்று யார் உறுதி கூறவியலும்? 2003-ஆம் ஆண்டில் நியூயார்க் ஆராய்ச்சியாளர், மனித மஜ்ஜையில் அப்போதுதான் தோன்றிய பி அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றின் எதிர்ப்பொருள்களுள் நூற்றுக்கு 55 முதல் 75 வரை சொந்த தேகத்தின் பொருள்களைப் பற்றும் இயல்பினவாயிருந்தன. எனவே, தன்னைப் பற்றும் பி அணு நோயாளிக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ணற்க. நம் எல்லோரிடத்தும் அது நாடோறும் பிறக்கின்றது. ஆரோக்கியமுடையாரிடத்தில், அவ்வணு மஜ்ஜையிலேயே மடிகின்றது, அல்லது தன் கருவியை மாற்றிக்கொள்கின்றது, அல்லது உயிரோடிருந்தும் செயலற்றுக் கிடக்கின்றது. இவ்வடைப்புகளைத் தாண்டி வெளிப்படுவனவும் சில உண்டு. அன்றியும், நெறிக்கட்டிகளில் கிருமியோடு போராடும்போது பி அணு தன் கருவியைத் திரும்பத் திரும்பத் திருத்துகின்றது. அத்திருத்தத்திலும் புதிய பிழை புகலாம்.

தவறிய எதிர்ப்பொருள் செய்யும் கேடு பல திறப்படும். 1950-இல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து வைத்தியர் ஹாரிங்டன், இரத்தத் தட்டணுக்கள் காரணமின்றிக் குறைந்து தோலின்கீழ் இரத்தம் கசியும் ஒரு நோயாளியின் இரத்தத்தில் ஏறக்குறைய 500 கன சென்டிமீட்டர் எடுத்துத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திற்குள் அவருடைய தட்டணுக்கள் அற்றுப்போயின, வலிப்பும் கண்டது. சில நாட்களின் பின் தேறினார். நோயின் காரணம் இரத்தநீரில் உலவும் பொருளே என்பது ஐயமறத் தெரிந்தது. தன்னுயிரைப் பணயம் வைத்த இச்செயலை இக்காலத்து நெறிமுறைக் குழு எதுவும் அநுமதியாது, அநுமதியாதிருத்தலே நன்று.

மயஸ்தீனியாவில் நடப்பது வேறு. 1973-இல் கலிபோர்னியாவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் என்னும் இருவர், மின்விலாங்கின் உறுப்பிலிருந்து எடுத்த ஒரு பொருளை முயல்களுக்கு ஏற்றினர். நரம்பின் கட்டளையைத் தசை ஏற்றுக்கொள்ளும் வாயிலே அப்பொருள். அதற்கெதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள் முயலின் சொந்தத் தசைவாயில்களையும் அடைத்து அழித்தது. முயல்கள் துவண்டு விழுந்தன. இந்நோயுடைய தாய்மார்க்குப் பிறக்கும் குழவிகளுட் சில பால் உறிஞ்சவும் வலியின்றிச் சோர்ந்திருந்து, சில வாரங்களில் தாமே தேறிவிடும். தாயின் எதிர்ப்பொருள் கருவின் வழியாகச் சேயிடம் சென்று, நாளடைவில் தேய்ந்து போவதே இதற்குக் காரணம். சேய்க்கு நோயில்லை; தாயின் நோயின் நிழலே உளது. கிரேவ்ஸ் என்னும் தைராய்டு நோயிலோ எதிர்ப்பொருள் அழிப்பதில்லை. கோளத்தை இடையறாது தூண்டி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கச் செய்கின்றது. லூபஸில் எதிர்ப்பொருள்கள் அணுவின் உட்கருப் பொருள்களோடு பிணைந்து, அப்பிணைப்புகள் மூத்திரப் பிண்டத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் அதன் விளைவே.

இவ்வளவில் விஷயம் முடிந்ததென்றே பலர் கருதினர். பி அணு எதிர்ப்பொருள் செய்யும் ஆலை. கேடு அச்சரக்கில் உளது. ஆலைக்கு வேறு குற்றமில்லை. இக்கருத்து முழு உண்மையன்று எனக் காட்டியவை எலிகளும் ஒரு புற்றுநோய் மருந்துமாம்.

லூபஸ் போன்ற நோய் தானே தோன்றும் ஓர் எலிக்குலம் உண்டு. ஷ்லோம்சிக் என்பாரும் உடனாய்ந்தோரும் அக்குலத்தில் பி அணுவே இல்லாத எலிகளை உண்டாக்கினர். மூத்திரப் பிண்ட நோய் வரவில்லை. இஃது எதிர்பார்த்ததே. பின்னர், 1999-இல், பி அணு உண்டு, ஆயின் எதிர்ப்பொருளை வெளியே சுரக்க இயலாது என்னும்படி எலிகளை அமைத்தனர். அவ்வெலிகளுக்கு நோய் வந்தது! சரக்கு வெளிவராத ஆலையும் ஊரைக் கெடுத்தது என்றால், ஆலையினுள் வேறு தொழிலும் நடக்கின்றதென்பது வெளிப்படை. அத்தொழில் யாது? பி அணு தான் பற்றிய பொருளை உள்ளிழுத்து, துண்டாக்கி, அத்துண்டைத் தன் மேற்புறத்தில் ஏந்தி டி அணுவிற்குக் காட்டுகின்றது. எவ்வளவு சிறிதாய்க் கிடக்கும் பொருளையும் குறிதவறாது பற்றவல்லதாதலின் இக்காட்சியில் அது மிக வல்லது. டி அணுவைத் தூண்டிவிடும் சுரப்புகளையும் அது வெளியிடுகின்றது. ஒருவனைப் பற்றிப் பொய்ப்புகார் எழுதுபவனும் அதனைக் கச்சேரியில் நின்று வாசிப்பவனும் ஒருவனே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிடக்சிமாப் என்னும் மருந்து பி அணுவின் மேற்புறத்துள்ள ‘சி டி 20’ என்ற அடையாளத்தைப் பற்றி அவ்வணுவை அழிப்பது. 1997-இல் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அநுமதி பெற்றது. பிளாஸ்மா அணுவில் அவ்வடையாளம் இல்லையாதலின் முன்னரே எதிர்ப்பொருள் சுரந்துகொண்டிருக்கும் அணுக்களை அம்மருந்து தொடுவதில்லை. லண்டன் யூனிவர்சிடி காலேஜைச் சார்ந்த எட்வர்ட்ஸ் என்பாரும் கேம்பிரிட்ஜ் என்னும் அம்மையாரும், வேறெம்மருந்திற்கும் இணங்காத மூட்டுவாத நோயாளர் ஐவருக்கு அதனை அளித்துக் கண்ட நன்மையை 2001-இல் வெளியிட்டனர். அக்காலத்தில் மூட்டுவாதம் டி அணுவின் நோய் என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. 2004-இல் 161 நோயாளரைக் கொண்ட சோதனையும் அந்நன்மையை உறுதிப்படுத்தவே, 2006-இல் மூட்டுவாதத்திற்கும் அம்மருந்து அநுமதி பெற்றது.

மூளை, முதுகுத்தண்டுகளின் நரம்புறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோயில் இதனினும் வியப்பு. கலிபோர்னியாவின் ஹவுஸர் என்பார் அம்மருந்தைச் சோதிக்கப் புகுந்தபோது, இது நிகழத்தக்கதன்று என்று பொதுப்பணம் வழங்குவோர் கைவிரித்தனர். 2008-இல் வெளியான சோதனையிலோ, மூளையிற் புதிதாய்த் தோன்றும் அழற்சிப் புண்கள் நூற்றுக்கு 91 பங்கு குறைந்திருந்தன. நலம் சில வாரங்களிலேயே தோன்றியது; அதற்குள் எதிர்ப்பொருளின் அளவு குறைந்திருக்கவில்லை. ஆகவே அந்நோயில் கேடு செய்தது சரக்கன்று, ஆலையே என்பது பெறப்பட்டது. அதே வகையைச் சார்ந்த ஓக்ரிலிசுமாப் 2017-இல் அநுமதி பெற்றது. பி அணுவிற் குடிபுகும் எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றியபின் இந்நோய் வரும் அபாயம் 32 மடங்காகின்றது என்று, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளைக்கொண்டு 2022-இல் காட்டப்பட்டது.

ஆயின் பி அணு யாவும் தீயவென்று முடிவுசெய்தலும் பிழை. பி அணுக்களையும் பிளாஸ்மா அணுக்களையும் ஒருங்கே மெலிவிக்கும் அடாசிசெப்ட் என்னும் மருந்து, அதே நரம்பு நோயில் நோயைப் பெருக்கியதால் சோதனை நடுவே நிறுத்தப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் சுரப்பை வெளியிட்டு அமைதி காக்கும் பி அணுக்களும் உண்டு. அவையும் உடன் அழிந்தமையே காரணமென்பர் சிலர். லூபஸிலும் ரிடக்சிமாப் பெரிய சோதனைகள் இரண்டில் குறித்த இலக்கை எட்டவில்லை. ஊனின் ஆழத்தில் மறைந்திருக்கும் பி அணுக்களை அது முற்றும் அழிக்கவில்லை என்னும் ஐயம் அப்போதே எழுந்தது.

அவ்வையத்திற்கு விடை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து வந்தது. கெயோர்க் ஷெட் என்பாரும் அவர்தம் குழுவினரும், நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, பி அணுவை இனங்கண்டு கொல்லும் கருவியை அவற்றிற்குப் பொருத்தி மீண்டும் ஏற்றினர். 2021-இல் முதல் விவரம் வெளிவந்தது. கடும் லூபஸ் உற்ற 20 வயதுப் பெண் அவர். 2024-இல் வெளியான அறிக்கையில் 15 நோயாளர். எண்மர் லூபஸ் உற்றவர். லூபஸ் உற்றோர் அனைவரும் நோய் தணிந்து நின்றனர். பதினைவரும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை விட்டனர். சில மாதங்களில் பி அணுக்கள் மீண்டும் பிறந்தன. நோய் உடன் மீளவில்லை. தடுப்பூசிகளால் முன்னர்ப் பெற்ற எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அழியாதிருக்க, உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் மறைந்தது. இரண்டும் வெவ்வேறு அணுக்களிலிருந்து வருகின்றன என்பது இதனால் விளங்கும். எனினும் தொகை சிறிது. செலவோ மிகப் பெரிது. கடுங்காய்ச்சல் முதலிய அபாயங்களும் உண்டு. பத்திரிகைச் செய்தியைக் கண்டு வீட்டை விற்கப் புறப்படுதல் வேண்டா.

இங்கே கூடியிருப்போர்க்கு நாளையே பயன்படுவன சில கூறி அமைவேன். இரத்தத்தில் ‘ஏ.என்.ஏ.’ என்னும் தன்னெதிர்ப்பொருள் உளதென்று ஒரு சீட்டு வந்தால் அஞ்சி நடுங்குதல் வேண்டா. நல்ல ஆரோக்கியமுடையாரிலும், 1:40 என்னும் குறைந்த அளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேரிடத்தும், 1:160 அளவில் 5 பேரிடத்தும் அது காணப்படும். சீட்டு நோயாகாது. மறுபுறம், அமெரிக்கப் படையினரின் சேமித்துவைத்த இரத்தநீரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டபடி, லூபஸ் வந்த 130 பேரில் 115 பேரிடத்து நோய் தெரியுமுன்னரே, சிலர்க்கு ஒன்பது ஆண்டு முன்னரே, அவ்வெதிர்ப்பொருள்கள் இருந்தன. ஆகவே மூட்டு வலி, முகச் செம்மை, நுரைத்த சிறுநீர் என்பவற்றோடு அச்சீட்டும் சேர்ந்தால் காலந்தாழ்த்தாது சிறுநீரைச் சோதிப்பிக்க வேண்டும். மூத்திரப் பிண்டம் வலியின்றியே கெடும்.

விவாகம் நிச்சயமாயிற்றென்று மருந்தை மறைத்து, பின் நிறுத்திவிட்ட பெண்களை யான் கண்டிருக்கின்றேன். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால், தேகம் தானே சுரக்கவேண்டிய சுரப்பு உறங்கிக் கிடப்பதால் உயிருக்கே அபாயம் நேரலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் பழைய மலேரியா மருந்தை லூபஸ் உற்றவர் கருவுற்ற காலத்திலும் உண்ணலாம். உண்ணவே வேண்டும் என்பதே இன்றைய வைத்தியர் கொள்கை. ‘ரோ’ என்னும் எதிர்ப்பொருள் உடைய தாய்மாரில் நூற்றுக்கு ஒருவர் இருவர்க்குச் சேயின் இதயத் துடிப்பு தடைப்படுவதுண்டு. அது மயஸ்தீனியாவின் சோர்வைப்போல் தானே மாறாது. ஆதலின் மணமகன் வீட்டாரிடம் மறைத்த நோய் பிரசவ அறையில் வெளிப்படுவதைக் காட்டிலும், முன்னரே கூறி, கருவுற்றதும் குறித்த வாரங்களிற் சேயின் இதயத்தைப் பார்ப்பித்தல் பன்மடங்கு நன்று. கேட்டபின் பெண்ணை வேண்டாமென்னும் வீட்டார் உண்டு, அறிவேன். அத்தகைய வீட்டில் புகாதது அப்பெண்ணுக்கு நஷ்டமன்று என்பதும் என் கருத்து.

ரிடக்சிமாப் ஏற்றிக்கொள்ளப் போகின்றவர் முதலில் மஞ்சட்காமாலை பி வைரஸ் உடலில் ஒளிந்திருக்கின்றதா எனச் சோதித்துக்கொள்ளல் அவசியம். பி அணுவின் காவல் நீங்கியதும் அது சீறி எழுந்து ஈரலைக் கெடுக்கும். தடுப்பூசிகளை மருந்துக்குச் சில வாரம் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். பி அணு இல்லாத காலத்தில் போடும் ஊசிக்கு எதிர்ப்பொருள் சரிவரத் தோன்றாது. கொரோனா பரவிய காலத்தில், 2021-இல், இம்மருந்து பெற்றோர் பலர் இரண்டு ஊசி போட்டும் எதிர்ப்பொருள் பெறாதிருந்தனர். அத்தகையவர் வீட்டிலுள்ள மற்றவர்கள் தவறாது ஊசி போட்டுக்கொள்வதே அவருக்கு அரணாயிற்று.

நேரமாயிற்று. ஐயமுடையோர் வினவலாம், தனித்து வினவ விரும்பும் சகோதரிகள் கூட்டம் கலைந்தபின் வருக.